மழை ஊருக்கு வறட்சிச் செடி எதற்கு என்பவர்களுக்கு

மலேசியாவின் காஜாங்கில் வறட்சி தாங்கும் செடிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "இங்கே பெய்யாத மழையா? அதெல்லாம் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு" என்று சிரித்துவிடுவார்கள். நியாயம் போலத்தான் தெரிகிறது. காஜாங் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தண்ணீர்ச் சிக்கனத் தோட்டமுறைக்கு 1981இல் பெயர் சூட்டிப் பரப்பிய அமெரிக்காவின் டென்வர் நகரில் 400 மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

ஆனால் செடி ஆண்டுக் கணக்கைக் குடித்து வாழ்வதில்லை. இங்கே மழை ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் கொட்டும். ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் குறையும். தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்த்துப் பால் குறைந்தால் கூலியும் குறையும் என்பதை அனுபவித்தவர்கள் அவர்கள். நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றான இன்ச் கென்னத் இதே காஜாங்கில்தான் இருந்தது. ஆறு மாவட்டம் தாண்டிப் போய்ச் சாட்சி தேட வேண்டாம்.

மழை பெய்கிற மாதத்திலும் கேள்வி தீர்வதில்லை. வரிசை வீட்டில் பாதிச் செடிகள் கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் தொட்டியில் நிற்கின்றன. அவற்றின் மீது ஒரு சொட்டும் விழாது. வெளியே நிற்பவற்றின் நிலையும் பெரிதாக மேம்பட்டதில்லை. வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, செம்மண்ணை இயந்திரத்தால் அழுத்திவிட்டுப் போகிறார்கள். பிற்பகல் இடிமழை ஒரு மணி நேரம் அடித்தாலும் அதில் பெரும்பகுதி லோங்காங் வடிகாலில் ஓடிவிடும்.

"மழை இல்லாவிட்டால் குழாய் இருக்கிறதே" என்பது அடுத்த பதில். 1998இல் எல் நினோ வறட்சியால் இந்தப் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 2014இல் மறுபடியும் அதே கதை. 2020 அக்டோபரிலோ வானம் குற்றவாளி அல்ல. ஆற்று நீர் மாசுபட்டுச் செமினி சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட, காஜாங் இருக்கும் உலு லங்காட் மாவட்டத்திலும் குழாய்கள் வற்றின. லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நிற்பவர் அதைச் செம்பருத்திக்கா ஊற்றுவார்?

சரி என்று ஒப்புக்கொள்கிறவர்கள் நேராகக் கள்ளி வாங்கப் போகிறார்கள். சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகளில் அழகழகாக அடுக்கியிருக்கும். வீட்டுக்கு வந்து முதல் தொடர்மழையில் அடி அழுகிவிடும். பாலைவனச் செடியின் வேருக்குக் காற்று வேண்டும். ஈரம் வடியாத செம்மண்ணில் அதற்கு மூச்சு முட்டும். நமக்கு வேண்டியவை இரண்டு வாரக் காய்ச்சலையும் இரண்டு மணி நேர வெள்ளத்தையும் ஒருசேரப் பொறுப்பவை. காகிதப்பூ அப்படிப்பட்டது. மண் சற்றுக் காய்ந்தால்தான் அது பூத்துக் குலுங்கும். தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு 'இலைதான் வருகிறது, பூவைக் காணோம்' என்று புலம்புகிறோம். நிலத்தில் வேர் பிடித்த கறிவேப்பிலையும் தாங்கும். முருங்கையும் தாங்கும், ஆனால் மண்ணை மேடாக்கி நட வேண்டும், தேங்கிய நீரில் அது சாகும். வீட்டுக்குள் மருள், தொட்டியில் கற்பூரவல்லி. இட்லிப்பூவும் சமாளிக்கும், சிமெண்டுச் சுவரை ஒட்டி வைத்தால் மட்டும் சுண்ணாம்பு ஏறி இலை மஞ்சளாகும். அரளிக்கு வறட்சி ஒரு பொருட்டே அல்ல. இருந்தாலும் அதன் இலை, பூ, தண்டு எல்லாம் நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வெற்றிலையையும் பாண்டானையும் பிடுங்கி எறியச் சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். தண்ணீர் கேட்கும் செடிகளை ஒரே இடத்தில், சமையலறைப் பக்கமாக வைத்தால் அரிசி கழுவிய நீரே அவற்றுக்குப் போதும்.

'தாங்கும் செடிக்குத் தண்ணீரே வேண்டாம்' என்பதும் பொய். வேர் ஆழம் போகும்வரை, அதாவது முதல் சில மாதங்கள், மற்றச் செடிகளைப் போலவே ஊற்றியாக வேண்டும். அதற்காகத் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீர் தேக்கினால் ஏடிஸ் கொசுதான் வளரும். டிங்கிக்குப் பெயர்போன சிலாங்கூரில் இது விளையாட்டல்ல. முற்றம் முழுக்கச் சிமெண்டும் கூழாங்கல்லும் பரப்பிவிடலாம் என்பவர்கள், பகல் இரண்டு மணிக்கு அதன்மேல் வெறுங்காலோடு நடந்து பார்க்கட்டும். காய்ந்த இலையால் வேரடியை மூடினால் மண்ணும் குளிரும், காசும் மிச்சம்.

நடும் நேரத்திலும் தவறுகிறோம். பொங்கலுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஆசையாய் வாங்கிவந்து, வெயில் ஏறும் வேளையில் குழி தோண்டுகிறோம். தீபாவளியை ஒட்டி நட்டுவிட்டால் நவம்பர் மழையே வேரை இறக்கிவிடும். பிப்ரவரியில் குழாய் நின்றாலும் வாரம் ஒரு வாளியில் காலம் தள்ளலாம்.