பூமிக்கான ஷிப்டும் நமக்குத்தானா?

பூமியைக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரை ஒன்றை எடுத்து, அதிலுள்ள வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன். கழுவுங்கள், காயவையுங்கள், பிரியுங்கள், ஊறவையுங்கள், அரையுங்கள், துவையுங்கள், தையுங்கள், கிளறிவிடுங்கள். பால் பாக்கெட்டைக் கழுவிக் கொடியில் மாட்ட வேண்டும். காய்கறித் தோலைத் தனி வாளியில் போட்டு, காய்ந்த இலை தூவி, இரண்டு நாளைக்கொருமுறை கிளற வேண்டும். பூந்திக்கொட்டையை ஊறவைத்து அந்தத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்க வேண்டும். எலுமிச்சைத் தோலை மாதக்கணக்கில் புளிக்கவைத்துத் தரை துடைக்க வேண்டும். குழந்தைக்கு டயாப்பர் கூடாது, துணி. நமக்கு நாப்கின் கூடாது, துணி.

இத்தனை வினைகளுக்கும் எழுவாய் மட்டும் இருக்காது. தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இது. அந்த எழுவாய் யாரென்று எழுதியவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும். அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறாள், அடுப்படியில்.

நான் சூழலியலுக்கு எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, சொல்லாவிட்டால் "அப்போ பிளாஸ்டிக்கை எரிக்கலாமா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கரணைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு பற்றியெரிந்தபோது நாள்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் நானும் ஒருத்தி. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலகமே மதிக்கும் சதுப்புநிலம், அதன் மேலேயே ஊர்க் குப்பை. சென்னையைப் புரிந்துகொள்ள இது போதும். ஆகவே குப்பை குறைய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் குறைக்கும் வேலை எந்த விலாசத்துக்கு அனுப்பப்படுகிறது என்பதில்தான் சண்டை.

ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் என்ன சொன்னது? வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக அதற்குச் செலவிட்டது 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். இந்த 97கூட வீட்டுவேலை செய்யும் ஆண்களின் சராசரிதான். அப்படிச் செய்தவர்கள் ஆண்களில் 26 சதவீதத்தினர், பெண்களில் 81 சதவீதத்தினர். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 ஆனது. பரவாயில்லையே என்று அடுத்த வரிக்குப் போனால், ஆண்களுக்கு 88. மிக்சியும் வாஷிங் மெஷினும் வந்து வேலை கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறைவிலும் அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். இந்த 289 நிமிடத்தின் மேல்தான் எலுமிச்சைத் தோலைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் குப்பை பிரிப்பது பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. "அன்பான இல்லத்தரசிகளுக்கு" என்று தொடங்கியது. தனியாக வாழும் ஆண்கள் மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள்; அவர்கள் குப்பையே போடுவதில்லை போலிருக்கிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 என்ன கூறின? மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கும் கடமை, கழிவை உண்டாக்கும் ஒவ்வொருவருக்கும் உரியதாக இருந்தது. சட்டத்தில் இல்லாத இல்லத்தரசி சுற்றறிக்கையில் எப்படி வந்தாள்?

சரி, நடுத்தர வர்க்கப் பெண் மட்டும்தான் இதில் நசுங்குகிறாளா? இல்லை. அவளுக்குக் கீழே இன்னொருத்தி இருக்கிறாள். பசுமையாக வாழும் வீடு என்று பத்திரிகைகள் படம் போடும் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று படத்தில் இருக்காது. நுரை அதிகம் வராத பூந்திக்கொட்டைத் தண்ணீரில் எண்ணெய்ச் சட்டியைத் தேய்ப்பவள், துணி டயாப்பரை அலசுபவள், கம்போஸ்ட் வாளியில் புழு வந்தால் அள்ளிக் கொட்டுபவள் எல்லாம் காலையில் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் அக்காதான். வேலை கூடியிருக்கிறது, சம்பளம் கூடவில்லை. வீட்டுக்காரி "நாங்க கெமிக்கல் எதுவும் யூஸ் பண்றதில்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்த அக்கா பெரும்பாக்கத்துக்கு எப்படிப் போனார் என்பதையும் கேளுங்கள். கூவத்தையும் அடையாற்றையும் சீரமைக்கிறோம் என்று கரையோரக் குடியிருப்புகளை இடித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பினார்கள். நதியைக் காப்பாற்றுவதற்காக அவருடைய வீட்டை எடுத்தாகிவிட்டது. பூமியைக் காப்பாற்றுவதற்காக இப்போது கூடுதலாக அரைமணி நேரத்தை எடுக்கிறோம்.

அடுத்து பாட்டி. எந்தப் பசுமைப் பேச்சும் பாட்டியைக் கூப்பிடாமல் முடிவதில்லை. "நம்ம பாட்டி காலத்துல குப்பையே கிடையாது." சாம்பலில் பாத்திரம் தேய்த்தாள், மண்சட்டியில் சமைத்தாள், துணிப்பை வைத்திருந்தாள், பழைய வேட்டியைக் கிழித்து மாதவிடாய்க்குப் பயன்படுத்தினாள். எல்லாம் உண்மை. அந்தச் சாம்பல் விறகடுப்பிலிருந்து வந்தது; அந்த விறகின் புகை அவள் நுரையீரலுக்குள் போனது. அந்தத் துணியைத் துவைத்தது யார்? பல ஊர்களில் சாதி வீடுகளின் தீட்டுத் துணியை வெளுத்துக் கொடுத்தது வண்ணார் பெண்கள். அது அவர்களுடைய "கடமை" என்று சாதி விதித்திருந்தது. அந்த வீடுகளின் மலத்தைக் கூடையில் அள்ளிச் சென்றதும் பெண்கள், தலித் பெண்கள். பாட்டி காலத்தில் குப்பை இல்லாமல் இல்லை. கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டு போக ஒரு சாதி இருந்தது. இதைச் சொல்லாமல் பாட்டியின் வாழ்க்கைக்குத் திரும்புவோம் என்று அழைப்பவர்களிடம், யாருடைய பாட்டி என்று கேட்பது நம் உரிமை.

மாதவிடாய்க்கு வருகிறேன். நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக் என்பது உண்மை. மாதவிடாய்க் கோப்பை நல்ல பொருள். பழகிக்கொண்ட தோழிகள் விடமாட்டேன் என்கிறார்கள், நல்லது. ஆனால் கல்லூரி மாணவிகளிடம் ஒவ்வொரு கூட்டத்திலும் "நீங்கள் வாழ்நாளில் எத்தனை நாப்கின் குப்பையில் போடுகிறீர்கள் தெரியுமா?" என்று கேட்டுத் தலைகுனிய வைக்கும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். தீட்டு என்று சொன்னவர்கள் போய், மாசு என்று சொல்பவர்கள் வந்திருக்கிறார்கள். துணியைத் துவைத்து வெயிலில் காயப்போடத் தண்ணீர் வேண்டும், மறைவில்லாத கொடி வேண்டும், அதைப் பார்த்து முகம் சுளிக்காத வீடு வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்த மாதங்களில் மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பின்னால் நள்ளிரவில் கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்களோடு ஓடியவர்களிடம் போய் துணி நாப்கினின் மகிமையைப் பேசிப் பாருங்கள். (பித்தளைக் குடம் சுமந்த இடுப்புக்குப் பிளாஸ்டிக் குடம் எவ்வளவு பெரிய விடுதலை என்று எந்தச் சூழல் அறிக்கையும் எழுதாது.)

அதே 2016 விதிகளில் இன்னொரு விஷயமும் இருந்தது. பயன்படுத்திய நாப்கினைச் சுற்றிப் போடுவதற்கான உறையை, தயாரிக்கும் நிறுவனங்களே ஒவ்வொரு பாக்கெட்டுடனும் தர வேண்டும் என்று அவை கூறின. உங்கள் கடையில் வாங்கும் பாக்கெட்டைத் திறந்து, உள்ளே அப்படி ஓர் உறை இருக்கிறதா என்று பாருங்கள். காய்கறிக்குப் பை தரமாட்டேன் என்று சட்டம் பேசும் கடைக்காரர், நாப்கினை மட்டும் கேட்காமலே கறுப்புக் கவரில் சுற்றித் தருகிறார். அங்கே நம் வெட்கத்துக்கு விதிவிலக்கு உண்டு, நிறுவனத்தின் பொறுப்பின்மைக்கும் விதிவிலக்கு உண்டு.

விதிவிலக்கு என்றதும் பிளாஸ்டிக் தடை நினைவுக்கு வருகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம். இரண்டையும் நான் ஆதரிக்கிறேன், மஞ்சப்பையோடுதான் கடைக்குப் போகிறேன். ஆனால் தடை வந்தபோது ஆலையிலேயே பொருளோடு மூடி வரும் உறைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2020இல் அதை அரசு நீக்கியது என்னவோ உண்மை. பெட்டிக்கடை வாசலில் ஷாம்பு, சிப்ஸ், காப்பித்தூள் சரம் இன்றும் தொங்குகிறது. சோதனைக்கு வருகிறவர்கள் யாரிடம் அபராதம் கேட்கிறார்கள்? கவரில் பூ கட்டித் தந்த பாட்டியிடம். சாம்பாரைக் கவரில் ஊற்றித் தந்த இட்லிக்கடை அம்மாவிடம். சரம் சரமாகத் தயாரித்து அனுப்புகிறவரின் வீட்டு வாசலுக்கு அபராதச் சீட்டோடு யாரும் போவதில்லை.

எண்ணூரையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரமெங்கும் படிந்தது. மாதம் முடிவதற்குள் உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நள்ளிரவில் ஊரே வீட்டை விட்டு ஓடியது. ஆற்றில் கையால் தடவி இறால் பிடித்து விற்கும் பெண்களுக்கு அந்தப் பருவத்தின் பிழைப்பு போனது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையில் படிந்துகொண்டே இருக்கிறது. நான் ஆயுள் முழுக்கப் பால் பாக்கெட் கழுவினாலும் அந்தச் சாம்பலில் ஒரு கரண்டி குறையாது.

"பெண்ணுக்கும் இயற்கைக்கும் தொப்புள்கொடி உறவு, அதனால் அவள்தான் காப்பாற்றுவாள்" என்பார்கள் சிலர். மேடையில் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். பீனா அகர்வால் 1992இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். வந்தனா சிவா போன்றவர்களின் சூழலியல் பெண்ணியத்தோடு வாதிட்டு அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பெண்ணுக்கு இயற்கையோடு இருக்கும் உறவு அவள் கருப்பையிலிருந்து வருவதில்லை, அவள் செய்யும் வேலையிலிருந்தும், அவளிடம் நிலமும் அதிகாரமும் இல்லாமலிருப்பதிலிருந்தும், அவளுடைய வர்க்கத்திலிருந்தும் சாதியிலிருந்தும் வருகிறது. மாணவிகள் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும். பூமித்தாய் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எச்சரிக்கை மணி அடிக்கிறது. இந்த நாட்டில் தாய் என்று பெயர் வைத்தால் சம்பளம் தர வேண்டியதில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம் என்கிறீர்களா? ஏற்கெனவே நடந்திருப்பதைப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என்னைக் கேட்டால் இந்த ஊரில் அண்மையில் வந்த மிகப் பெரிய சூழல் திட்டம் இதுதான். ஸ்கூட்டர் வாங்கக் கடன் தேடாமல் ஒருத்தி வேலைக்குப் போகிறாள், பெட்ரோல் எரியவில்லை, அவள் பையில் காசும் நிற்கிறது. இதை யாரும் சூழல் திட்டம் என்று சொல்வதில்லை. ஓசிப் பயணம் என்று கேலி செய்கிறார்கள். சனிக்கிழமை காலை பல்லாயிரம் ரூபாய் சைக்கிளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்தான் சூழல் ஆர்வலர். திங்கள்கிழமை அவர் காரில் தனியாக அலுவலகம் போவார். அம்மா உணவகத்தையும் இப்படிப் பாருங்கள். 2013இல் தொடங்கியது. ஒரு ரூபாய்க்கு இட்லி, சமைப்பது மகளிர் குழுப் பெண்கள், சம்பளத்துக்கு. நூறு வீட்டு அடுப்பு எரிவதைவிட ஒரு பெரிய அடுப்பு எரிவதில் எரிபொருள் மிச்சம், தண்ணீர் மிச்சம், பெண்ணின் நேரமும் மிச்சம். குழாயில் தண்ணீர், நடக்க நடைபாதை, தெருவுக்கொரு நல்ல பொதுச் சமையலறை. பெண்ணின் நேரத்தையும் பூமியையும் சேர்த்துக் காப்பாற்றும் இவற்றுக்குப் பணம் செலவாகும். நம் மனசாட்சியைச் சுரண்டுவதற்குச் செலவில்லை. அதனால்தான் எலுமிச்சைத் தோல்.

2025 ஆகஸ்ட் மாதம் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள். நாம் பிரிக்காமல் போடுவதைக் கையால் பிரிப்பவர்கள், நம் கறுப்புக் கவரை அவிழ்ப்பவர்கள். இந்த ஊரில் சூழலைக் காக்கும் வேலை என்று ஒன்று உண்டென்றால், அதை வெள்ளம், கொரோனா எதிலும் விடாமல் செய்தவர்கள். நிரந்தர வேலை கேட்டார்கள், ஊதியத்தைக் குறைக்காதே என்றார்கள். 13 நாள் மழையிலும் வெயிலிலும் கிடந்தார்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

இரண்டு பசுமைக் குழுக்களில் நான் உறுப்பினர். அந்த 13 நாளில் அவற்றில் மாடித்தோட்டம் பற்றிப் பேசினார்கள், மூங்கில் பல்துலக்கி பற்றிப் பேசினார்கள், களிமண் பிள்ளையார் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். ரிப்பன் மாளிகை பற்றி ஒரு வரி இல்லை. நான் எழுதினேன். "இது அரசியல், இங்கே வேண்டாம் மேடம்" என்று அட்மின் பதில் போட்டார். அதன் பிறகு ஐந்து பெண்கள் தனியாக எனக்கு எழுதினார்கள். குடியிருப்பின் அடுத்த பொதுக்குழுவுக்கு நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். குப்பை பிரிப்பதைச் சரிபார்க்கும் பொறுப்பு, வாரம் ஒரு வீடாக, அந்தந்த வீட்டு ஆணின் பெயரில். வளாகத்தைப் பெருக்கும் இரண்டு அக்காக்களுக்கும் கையுறை, காலணி, சம்பள உயர்வு, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. சுற்றறிக்கையில் "இல்லத்தரசிகளுக்கு" என்பதை அடித்துவிட்டு "குடியிருப்போருக்கு". முதல் வரியை வாசித்ததுமே செயலாளர், சம்பள உயர்வைக்கூடப் பேசிக்கொள்ளலாம், ஆண்கள் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். எடுக்கப்போவதில்லை.