உழைப்பு அவளுடையது, கணக்கு யாருடையது?

திருச்சிராப்பள்ளி வணிகத்தால் வளர்ந்த நகரம். மலைக்கோட்டையின் அடிவாரம் தொட்டுப் பெரிய கடைவீதி, காந்தி மார்க்கெட் என விரியும் அங்காடிகளில் நம் முன்னோர் தோலும் துணியும் மளிகையும் விற்றுப் பொருளீட்டினர். ஈட்டியதைத் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளவுமில்லை. ஜமால் முகமது சாகிபு, காஜாமியான் இராவுத்தர் ஆகிய வணிகப் பெருமக்களின் கொடைக்குச் சான்றாக ஜமால் முகமது கல்லூரி 1951ஆம் ஆண்டு முதல் நின்று வருகிறது. ஆனால் அந்தக் கடைவீதியில் விற்றவரும் ஆடவர், கணக்கெழுதியவரும் ஆடவர். பெண்டிரின் கைத்திறன் வீட்டளவில் நின்றது.

இன்று அந்தக் கடைவீதியே வீட்டுக்குள் வந்துவிட்டது. பாலக்கரையில் ஒரு பெண் புர்கா தைத்துக் கைப்பேசியில் படம் போடுகிறாள். மசாலாப் பொடி இடிப்பவளுக்குச் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆர்டர் வருகிறது. காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்து வீதிகளில், அப்பளமும் வடகமும் ஊறுகாயும் பொட்டலமாகிக் கூரியர் வண்டியில் ஏறுகின்றன. மகிழ்ச்சியே! ஆனால் பொருளை வாங்கியவர் பணம் செலுத்தக் கைப்பேசியைத் திறக்கும்போது, திரையில் தோன்றும் பெயர் யாருடையது? பெரும்பாலும் தைத்தவளுடையதன்று, இடித்தவளுடையதன்று. அவள் கணவன் பெயர்; இல்லையேல் தமையன் பெயர்; அதுவுமில்லையேல் மகன் பெயர்.

இந்தச் சிறிய செய்தியைப் பற்றித்தான் நாம் எழுதப் புகுந்தோம். இது சிறிய செய்தியன்று என்பதே நமது வாதம்.

படம் காட்டிப் பொருள் விற்கும் வணிகம் புதுமையானதன்று. பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் பின்பக்கங்களைப் புரட்டியவர்கள் "கேட்லாக் இனாம்" என்ற விளம்பரத்தை அறிவார்கள். கடிதம் எழுதினால் விலைப்பட்டியல் வரும், வி.பி.பி.யில் பொருள் வரும். தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். இன்றைய இணையவழி வணிகம் அந்த விலைப்பட்டியலின் பேரப்பிள்ளைதான்.

அத்தகைய விலைப்பட்டியலைக் கொண்டே பெருவணிகம் கட்டிய பெண்மணி ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். லிலியன் வெர்னன் என்பது அவர் பெயர். ஜெர்மனியில் 1927இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிப் பெற்றோருடன் நாடு விட்டு நாடு சென்றவர். 1951இல், 24 வயதில், முதற்பிள்ளையைக் கருவுற்றிருந்த நிலையில், திருமண அன்பளிப்பாக வந்த 2,000 டாலரை முதலாக்கினார். அதில் 495 டாலர் செலவிட்டு, பெயரின் முதலெழுத்துப் பொறித்த கைப்பையும் இடைவாரும் விற்பதாக ஒரு பத்திரிகையில் விளம்பரம் செய்தார். வந்து குவிந்த ஆர்டர்களின் மதிப்பு 32,000 டாலர்! அவருடைய அலுவலகம் அடுக்களை மேசைதான். பின்னர் விலைப்பட்டியல் நூல் அச்சிட்டு வீடுதோறும் அனுப்பினார். 1987இல் அவரது நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒன்றில் இடம் பெற்றது. பெண்ணொருவர் நிறுவிய நிறுவனம் அச்சந்தையில் இடம் பெற்றது அதுவே முதன்முறை. 1990களில் அதன் ஆண்டு விற்பனை 20 கோடி டாலரைக் கடந்தது. 2003இல் நிறுவனத்தை விற்றார், 2015இல் மறைந்தார்.

இவர் வரலாற்றில் நம் கருத்துக்கு வேண்டிய இடம் ஒன்றுண்டு. 1969இல் கணவரும் இவரும் மணவிலக்குப் பெற்றனர். அப்போது மொத்த வியாபாரம் கணவர் பங்காயிற்று. விலைப்பட்டியல் வணிகம் இவர் பங்காயிற்று. எது எவருடையது என்று பிரித்துக் காட்ட முடிந்ததால்தான் இவர் வெறுங்கையோடு வெளியேற நேரவில்லை.

நம் நாட்டிலும் சான்றுண்டு. ஃபால்குனி நாயர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கோட்டக் மகிந்திரா நிறுவனத்தில் உயர்பணி பார்த்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில், 2012இல், அப்பணியைத் துறந்து, குடும்பத்தின் சேமிப்பைக் கொண்டு நைக்கா என்னும் இணையவழி ஒப்பனைப் பொருளங்காடியைத் தொடங்கினார். போலிச் சரக்கு மலிந்த அத்துறையில், தயாரிப்பாளரிடமிருந்தே நேராக வாங்கி அசல் பொருளையே விற்பது என்பதை அடித்தளமாக்கினார். 2021 நவம்பர் 10 அன்று நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது, முதல் நாளிலேயே அதன் மதிப்பு ஒரு இலட்சம் கோடி ரூபாயைக் கடந்தது. அப்போதும் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை அவர் குடும்பம் தன் கையிலேயே வைத்திருந்தது. அவர் கணவரும் நிதித்துறையில் பெயர் பெற்றவரே. ஆயினும் நைக்கா யாருடைய நிறுவனம் என்று எவரும் ஐயுற்றதில்லை.

நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் இவ்வளவு உயரம் செல்வார்கள் என்று நாம் சொல்லவில்லை. சென்றாலும் செல்லாவிட்டாலும், அவர்கள் ஈட்டும் ஐயாயிரமோ பத்தாயிரமோ அவர்களுடையது என்று எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

உடனே ஒரு மறுப்பு எழும். "கணவனும் மனைவியும் ஒன்றுதானே! பணம் எவர் கணக்கில் இருந்தால் என்ன?" என்பார்கள். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் தமிழ்ப் பழமொழி. இந்த இனிய சொல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுவோம்.

ஒரு பெண் பல்லாண்டு உழைத்து 24 இலட்சம் ரூபாய் சேர்த்தாள் என்று கொள்வோம். அவ்வளவும் கணவன் பெயரிலுள்ள கணக்கில் கிடக்கிறது. கணவன் இறந்துவிடுகிறான். அவனுக்குப் பெற்றோர் இல்லை. இரண்டு பெண்மக்கள் உண்டு. சகோதரன் ஒருவன் உண்டு. பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 இலட்சம். பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 16 இலட்சம். எஞ்சிய 5 இலட்சம் கணவனின் சகோதரனுக்கு. இப்போது சொல்லுங்கள்: ஊசி பிடித்துத் தைத்தவள் யார்? 24 இலட்சத்தையும் உழைத்துச் சேர்த்தவள் 3 இலட்சத்தோடு நிற்கிறாள். ஒரு தையலும் போடாத கொழுந்தன் 5 இலட்சத்தோடு போகிறான்!

இதில் குற்றம் ஷரீஅத்தின் மீதன்று. இறந்தவனின் சொத்தைப் பங்கிடவே ஷரீஅத் சொன்னது. உயிரோடிருக்கும் மனைவியின் சொத்தைப் பங்கிடச் சொல்லவில்லை. அவளுடையதை அவனுடையதாக எழுதிவைத்த நம் சோம்பலே குற்றவாளி. கொழுந்தன் நல்லவனாகவே இருக்கலாம். தனக்குரியது என்று நம்பியே வாங்கியிருக்கலாம். உரிமையில்லாத பொருளை அவன் உண்ணும்படி செய்த பாவத்துக்கு யார் பொறுப்பு? மாறாக, அவள் முந்தி இறந்தால் என்ன ஆகும்? அவளைப் பெற்ற தாய்க்கு ஆறில் ஒரு பங்கு சேர வேண்டும். கணக்கு மருமகன் பெயரில் இருக்கும்போது அந்த மூதாட்டி எதைக் கேட்பாள்? யாரிடம் கேட்பாள்? ஆண்டுதோறும் அப்பணத்துக்குரிய ஸகாத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் கடமையாவது எவருடையது என்று அவ்வீட்டில் எவருக்கேனும் தெரியுமா?

மார்க்கம் இவ்விஷயத்தில் மயக்கம் எதையும் விட்டுவைக்கவில்லை. ஆண் சம்பாதித்தது ஆணுக்கு உரியது, பெண் சம்பாதித்தது பெண்ணுக்கு உரியது என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் தரும் கருத்து. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி), தம் பொருளைத் தம் கணவருக்குக் கொடுத்தால் அது தர்மமாகுமா என்று கேட்டனுப்பியதையும், அதற்கு இரட்டை நன்மை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததையும் ஹதீஸ் கற்றோர் அறிவர். ஒருவர் தம்முடையதைக் கொடுத்தால்தான் தர்மம். பிறருடையதைக் கொடுத்தால் அது தர்மமாகுமா? ஆகவே மனைவியின் பொருள் மனைவியுடையதே. அவள் விரும்பிக் கொடுத்தால் நன்மை. கொடுக்காவிட்டால் கேட்க எவருக்கும் உரிமையில்லை. அவள் எவ்வளவு சம்பாதித்தாலும், உணவும் உடையும் உறையுளும் அளிக்கும் கடமை கணவனை விட்டு நீங்குவதுமில்லை.

இதை மேலைநாட்டுப் பெண்ணுரிமைப் பேச்சென்று தள்ளுவோர்க்கு ஒன்று கூறுவோம். இங்கிலாந்தில் 1870, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை, மணமான பெண் ஈட்டிய பணம் அவள் கணவனுடையதாகவே கொள்ளப்பட்டது. அமெரிக்காவில் 1974இல் சட்டம் வந்த பின்னரே, கடன் கேட்கும் மனைவியிடம் கணவனின் கையொப்பத்தைக் கோரும் வழக்கத்துக்குத் தடை விழுந்தது. அவர்கள் நேற்றுக் கண்டதை நாம் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறோம். கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் கைவிட்ட பழைய வழக்கத்தை நம் வீட்டில் நடத்துகிறோம். இதைவிட நகைப்புக்குரியது உண்டா?

இன்னொரு மறுப்பு: "பெண்ணின் பெயர் ஊரார் முன் வரலாமா?" மீலாத் மேடைகளில் அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வணிகச் சிறப்பை மணிக்கணக்கில் பேசுகிறோம். மக்கத்து வணிகக் கூட்டத்தில் அவர்களுடைய சரக்கு அவர்கள் பெயராலேயே ஷாம் தேசம் சென்றது. இருபத்தைந்து வயது இளைஞராயிருந்த நாயகம் (ஸல்) அவர்கள் அச்சரக்கைக் கொண்டு சென்றபோது, முதல் யாருடையது, உழைப்பு யாருடையது என்பதில் எவருக்கும் குழப்பமில்லை. மேடையில் கதீஜா நாயகியைப் புகழ்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து மகளின் வங்கிக் கணக்கைத் தன் பெயரில் வைத்துக்கொள்பவர், தாம் பேசியதைத் தாமே நம்பவில்லை என்றுதான் பொருள்.

பெயர் வெளியே தெரிவதில் கூச்சமிருந்தால், கடைக்கு வேறு பெயர் சூட்டட்டும். வெர்னன் என்பதே அப்பெண்மணி வாழ்ந்த மவுண்ட் வெர்னன் என்னும் ஊரின் பெயரிலிருந்து எடுத்த கடைப் பெயர்தான். பிற்காலத்தில் அதையே தம் பெயராகவும் ஆக்கிக்கொண்டார். நாம் கேட்பது பெயர்ப்பலகையை அன்று, உரிமைப் பத்திரத்தை.

"அவளுக்குக் கணக்கு வழக்குத் தெரியாதே" என்பது கடைசி மறுப்பு. தெரியாதென்றால் கற்றுக்கொடுங்கள். வணிகவியல் பட்டம் பெற்ற பெண்கள் இன்று நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். விலை வைக்கவும், வாடிக்கையாளரின் கோபத்தைத் தணிக்கவும், பழுதான பொருளைத் திரும்பப் பெறவும் தெரிந்தவளுக்கு வங்கிப் புத்தகம் மட்டும் விளங்காது என்பதை நாம் நம்பமாட்டோம்.

செய்ய வேண்டியவை கடினமல்ல. அவள் பெயரில் வங்கிக் கணக்கு. அவள் பெயரில் பான் அட்டை. பணம் வாங்கும் எண்ணும் அவளுடையதே. மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் அவள் பெயரிலேயே பெறலாம். தந்தையோ தமையனோ கணவனோ முதல் கொடுத்தால், அது கடனா, அன்பளிப்பா, இலாபத்தில் பங்குக்கான முளாரபாவா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடட்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதுதான். எழுதுவதை அவநம்பிக்கை என்று கருதுவோர் அவ்வசனத்தை மீண்டும் ஓதிப் பார்க்கட்டும்.

மகளுக்கு மணம் பேசும் பெற்றோர்க்கும் ஒரு சொல். மஹர் அவளுடையது. திருமண அன்பளிப்பை முதலாக்கித்தான் அந்த அமெரிக்கப் பெண்மணி கடை வைத்தார். நம் பெண்ணுக்குரிய மஹரைக் கண்ணியமாக வாங்கி அவள் கையில் கொடுங்கள். கைக்கூலி கேட்டு வருவோரை வாசலோடு அனுப்புங்கள். அந்தச் சிறு தொகை தையல் இயந்திரமாகலாம், மாவு அரைக்கும் எந்திரமாகலாம், ஒரு வணிகத்தின் வித்தாகவும் ஆகலாம்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டிலிருந்து நாளை ஒரு பொட்டலம் கூரியருக்குப் போகுமானால், அது போகுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் விலை யார் கணக்கில் விழப்போகிறது? உழைத்தவள் கணக்கில் என்றால் அல்ஹம்துலில்லாஹ். இல்லையென்றால், நாளைக்கே அவளை வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள்.