பன்னிரண்டு பேர், ஒரு ரூம்

ரயிலில் எதிர் ஸீட்காரரிடம் "எதுவரைக்கும் சார்?" என்று ஆரம்பித்து, அரக்கோணம் தாண்டுவதற்குள் அவர் மச்சினன் சம்பளம்வரை தெரிந்துகொள்கிற ஆசாமிகள் நாம். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் நம் ஊர் ஜூரிக்கு டாட்டா சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை.

இங்கிலாந்தில் ஜூரி இன்னும் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் குலுக்கிப் போட்டு ஆளை எடுக்கிறார்கள். டாக்ஸி டிரைவர், பேங்க் மேனேஜர், காலேஜ் பெண் என்று பன்னிரண்டு பேர். பல நாள் சேர்ந்து காபி குடிக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது அந்தக் கேஸ் ஒன்றுதான். பன்னிரண்டு பேரும் ரூமில் இருந்தாலொழிய அதையும் பேசக்கூடாது! மழையைப் பற்றி எத்தனை நாள்தான் பேசுவது?

வீட்டுக்கு வந்தால், "இன்னிக்கு என்னங்க ஆச்சு?" மூச்! அந்த ரூமில் யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கேஸ் முடிந்த பிறகு வெளியே சொன்னாலும் குற்றம். ஜெயில்கூட உண்டு.

அமெரிக்காவில் இன்னொரு கூத்து. ஜூரி தேர்வு, அசல் பெண் பார்க்கும் படலம். "உங்க வீட்டில் போலீஸ்காரர் உண்டா? திருட்டுக் கொடுத்ததுண்டா?" என்றெல்லாம் கேட்டுவிட்டு வக்கீல், "தேங்க்ஸ், நீங்க போகலாம்" என்பார். இத்தனை பேரைக் காரணம் சொல்லாமலே கழிக்கலாம் என்று அவருக்குக் கணக்கு உண்டு. பஜ்ஜி, சொஜ்ஜிகூடக் கிடையாது. தேர்வானால் மட்டும் சும்மாவா? ஓ.ஜே. சிம்ப்ஸன் கேஸில் ஜூரிகளை 265 நாள் ஹோட்டலில் பூட்டி வைத்தார்கள். 1995 அக்டோபரில் நாலு மணி நேரத்துக்குள் முடிவெடுத்துக் கிளம்பிவிட்டார்கள்!

நிஜமான தர்மசங்கடம் கடைசியில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம். பதினொரு பேர் "குற்றவாளி" என்கிறார்கள். உங்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஒருத்தர் வாட்சைப் பார்க்கிறார். ஒரு அம்மா குழந்தையைக் கூட்டி வர ஸ்கூலுக்குப் போகணும். ஆபீஸ் மீட்டிங் என்றால் நாமும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவோம். இங்கே தலையாட்டினால், கூண்டில் நிற்கிறவன் வீட்டுக்குப் போக மாட்டான். இங்கிலாந்தில் 1967-லிருந்து பத்துப் பேர் ஒத்துப்போனாலே போதும் என்று சலுகை வந்தது. முரண்டு பிடிப்பவருக்கு நிம்மதிதான். கூண்டில் இருப்பவனுக்கு நிம்மதியா என்பது வேறு விஷயம்.

1670-ல் அந்தச் சலுகை கிடையாது. லண்டன் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக வில்லியம் பென் (பின்னாளில் பென்ஸில்வேனியா கண்டவர்) மீதும் வில்லியம் மீட் மீதும் கேஸ். எட்டு ஜூரிகள் சம்மதித்துக் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். எட்வர்ட் புஷலும் இன்னும் மூணு பேரும் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நீதிபதிகளுக்கு வந்ததே கோபம்! பன்னிரண்டு பேரையும் இரண்டு ராத்திரி சோறு தண்ணியில்லாமல் பூட்டினார்கள். "உம்மாலதான்யா எல்லாம்!" என்று ஒருத்தராவது புஷலை முறைத்திருக்க மாட்டாரா?

ஆனால் கடைசியில் பன்னிரண்டு பேரும் சொன்னது: "குற்றவாளி இல்லை." ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம், கட்டும்வரை ஜெயில். புஷல் கட்ட மாட்டேன் என்று வழக்காடி ஜெயித்தார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக்கூடாது என்று ஆனது அப்போதுதான்.

லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் இதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் ஜூரிகளில் தாமஸ் வியர், புஷல் என்று இரண்டே பேருக்குத்தான் பெயர். பாக்கி எல்லாரும் 'மற்றும் பத்துப் பேர்'!