சால்வை போதும், சம்பளச் சீட்டைக் காட்டுங்கள்



நம் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை மணி வரை வண்டிகள் ஓடாது. அந்நேரம் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களின் காலில் நேற்றைய ஐஸ்கிரீம் கப்பும் சுண்டல் காகிதமும் மிதிபடுவதில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே பெண்கள் அங்கே குனிந்து பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தப் பெண்களை நகரம் ஏறெடுத்துப் பார்ப்பது ஆண்டில் ஓரிரு நாள்தான். மே தினம், காந்தி ஜெயந்தி என்று ஏதோ ஒரு நாளில் பந்தல் போட்டு, மேடையேற்றி, ஆளுக்கொரு சால்வை போர்த்தி, படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு விழா முடிந்து வந்த அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தோம். "பொட்டியில ஏற்கெனவே நாலு சால்வ கெடக்கு தம்பி. ரெண்டு மாசமா சம்பளம் வரலன்னு மேடையில சொல்லலாம்னுதான் போனேன். மைக்க என் கையில குடுக்கவே இல்ல" என்றார்.

பாராட்டு விழா என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எங்களால் சொல்ல முடியாது. ஒருவரை மேடையேற்றி, அவர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர்கள், கொடுக்கத் தேவையில்லாத ஒன்றைக் கைதட்டலோடு கொடுக்கிறார்கள்.

இது நம் ஊரோடு நிற்பதில்லை. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து துப்புரவுத் தொழிலாளர்களின் கால்களைக் கழுவினார். கழுவ வேண்டியது கால்களை அல்ல, மனதை என்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலனின் பெஜவாடா வில்சன் அப்போதே பதில் சொன்னார். 2020 மார்ச் 22 அன்று நாடே தட்டைத் தட்டியது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' என்று மாறியது. பெயர் மாறியதே தவிர, ஒப்பந்த முறை மாறவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களைப் பணி நிரந்தரம் செய் என்று தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் கூடிய அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவுத் திட்டத்தை அறிவித்தது. அவர்கள் கேட்டது வேலைக்கு உத்தரவாதம்; கிடைத்தது இட்லி. பசித்தவருக்குச் சோறு போடுவதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் உரிமை கேட்டு நீட்டிய கையில் சோற்றை வைத்து மூடுவதற்குப் பெயர் நன்றி அல்ல.

இந்த மரியாதையெல்லாம் ஏன் இவர்களுக்கு மட்டும்? பொறியாளர் நன்றாக வேலை செய்தால் பதவி உயர்வு கிடைக்கிறது. பேராசிரியருக்கு ஊதிய உயர்வு வருகிறது. அவர்கள் காலை யாரும் கழுவுவதில்லை; அதற்குத் தேவையும் இல்லை. சாக்கடையும் குப்பையும் எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருக்கின்றனவோ அவர்களுக்குத்தான் 'தெய்வம்', 'தாய்', 'முன்களப் போராளி' என்ற பட்டங்கள். தோட்டி வேலையை உன்னதமானது என்று புகழ்ந்து, அதைத் தீண்டத்தகாதவர்கள் மனமுவந்து ஏற்க வேண்டும் என்று போதிப்பது கொடூரமான கேலி என்று அம்பேத்கர் 1945இல், காங்கிரஸும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்ட நூலில் எழுதினார். புகழ்கிறவர் அந்த வேலைக்குத் தன் பிள்ளையை அனுப்புவாரா? மாட்டார் என்றால் அந்தப் புகழ், சாதிக்கு அடித்த சுண்ணாம்பு.

சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, தொழிலாளர்களையே மேல் கீழாக அடுக்கிப் பிரிப்பது என்று 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் சொன்னது 1936இல். அதே ஆண்டு ஜூலை 30 அன்று நம் புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் மாண்டார்கள். வ. சுப்பையா போன்றவர்களின் தலைமையில் தொடர்ந்த அந்தப் போராட்டத்தின் விளைவாக, 1937இல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. எந்த ஆலை முதலாளியும் பாராட்டு விழா நடத்தி அதைத் தரவில்லை. இன்று அந்தத் தியாகிகளுக்கு மாலை போடுகிறவர்கள், தங்கள் அலுவலகத்தைப் பெருக்கும் பெண்ணுக்கு எத்தனை மணி நேர வேலை என்று கேட்டிருப்பார்களா?

2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்த விஷவாயு ஒரு சிறுமி உட்பட மூன்று பேரைக் கொன்றது. நம் காலுக்குக் கீழே ஓடுவது என்ன என்று ஊருக்கு அன்றுதான் உறைத்தது. நாடு முழுவதும் அந்தக் குழிகளில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு அது என்றைக்கோ தெரியும். உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இறந்தால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. எந்திரத்துக்குச் செலவழிக்காதவர்கள் சால்வைக்குச் செலவழிப்பதில் வியப்பில்லை. சால்வை மலிவு.

"அப்படியானால் பாராட்டுவதே தவறா?" என்று சில மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். தவறில்லை. அந்த அக்கா நாலு சால்வையையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார். உழைத்தவருக்கு நல்ல வார்த்தை பிடிக்காமல் போகுமா? ஆனால் சமமாக இருப்பவர்களுக்கு இடையில்தான் பாராட்டு பாராட்டாக இருக்கும். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தந்தால் அது தயவு. ஜூலை 14 வந்தால் நம் ஊரில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சு முழக்கம் கேட்கும். அந்த மூன்று சொற்களையும் தான் புத்தரிடமிருந்து பெற்றதாக அம்பேத்கர் 1954இல் வானொலியில் சொன்னார். சமத்துவத்தை விட்டுவிட்டுச் சகோதரத்துவம் பேசுகிறவரை நாம் நம்ப வேண்டியதில்லை.

உங்கள் கல்லூரியிலும் இப்படி ஒரு விழா வரும். உங்களையே தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார்கள். நில்லுங்கள், ஆனால் அதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். இந்த அக்கா கல்லூரியின் ஊழியரா, ஒப்பந்தக்காரரின் ஆளா? மாதாமாதம் சம்பளச் சீட்டு கிடைக்கிறதா? பிடித்த பி.எஃப். பணமும் முதலாளியின் பங்கும் கணக்கில் ஏறியிருக்கின்றனவா? இ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்கிறதா? வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? அவர் கழுவும் கழிவறையை அவர் பயன்படுத்த முடியுமா?

அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருப்பதையும், அவர் கைக்கு வருவதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நடுவில் காணாமல் போகும் பணம்தான் அந்தச் சால்வையின் உண்மையான விலை. நிரந்தரப் பணி கேட்டால் சட்டத்தில் இடமில்லை என்பார்கள். மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டுகள் தற்காலிகமாகவே பெருக்கிக்கொண்டிருந்த பெண்களைப் பணி நிரந்தரம் செய்ய 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஜக்கோ வழக்கு. அதைப் படித்துவிட்டுப் போய்ப் பேசுங்கள்.

விழா நடந்தே தீரும் என்றால் நமக்கு ஒரே நிபந்தனைதான். சால்வையை யார் வேண்டுமானாலும் போர்த்தட்டும். மைக் அந்த அக்காவின் கையில் இருக்க வேண்டும். அவர் பேசி முடிக்கும் வரை யாரும் அதை அணைக்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

ஜெய் பீம்.