திமிங்கிலத்தை நம்பி வாழும் ஊர்

ஒரு பக்கம் பனி படர்ந்த மலை. மறு பக்கம் கடல். நடுவே ஒரு சின்ன ஊர்.

அதன் பெயர் கைகோரா. நியூசிலாந்து நாட்டின் தெற்குத் தீவில், கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. கிறைஸ்ட்சர்ச் நகரில் இருந்து வடக்கே காரில் இரண்டரை மணி நேரப் பிரயாணம்.

ஊரில் குடியிருப்பவர்கள் இரண்டாயிரம் பேருக்குக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். ஆனால் பல நாட்டு மக்களும் விமானம் ஏறி இந்த ஊரைத் தேடி வருகிறார்கள்.

எதற்காக? திமிங்கிலம் பார்க்க!

ஒரு காலத்தில் திமிங்கிலத்தைக் கொன்று பிழைத்த ஊர் இது. இப்போது அதே திமிங்கிலத்தைக் காட்டிப் பிழைக்கிறது. இந்தப் பிழைப்பு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதுதான் அந்த ஊரின் இன்றைய கவலை.

கரை ஓரத்தில் பாதாளம்

பொதுவாகக் கரை ஓரத்தில் கடல் ஆழம் குறைவாக இருக்கும். ஆழ்கடலுக்குப் போக வேண்டுமானால் பல மைல் தூரம் படகு விட வேண்டும்.

கைகோராவில் அப்படி இல்லை. கரைக்கு மிக அருகிலேயே, கடலுக்கு அடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அதன் ஆழம் ஆயிரம் மீட்டருக்கும் மேல். தெற்கே இருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமும், வடக்கே இருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமும் இந்தப் பகுதியில் கலக்கின்றன. அதனால் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் ஏராளமாகப் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன மீன்கள் வருகின்றன. மீனும் கணவாயும் தின்னத் திமிங்கிலம் வருகிறது.

வேறு பல ஊர்களில் திமிங்கிலம் சில மாதங்கள் மட்டுமே தென்படும். இங்கே பன்னிரண்டு மாதமும் பார்க்கலாம்.

இங்கே முக்கியமாகக் காணப்படுவது எண்ணெய்த் திமிங்கிலம். அதன் பெரிய தலைக்குள் எண்ணெய் போன்ற மெழுகு நிறைந்திருக்கிறது. வாசனைத் தைலத்துக்குப் பயன்படும் அம்பர், இந்தத் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவதுதான். அதைக் கடத்தியவர்கள் பிடிபட்டதாக நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் அடிக்கடி செய்தி வருகிறதே, அதே அம்பர்தான்.

ஆண் திமிங்கிலம் 16 மீட்டருக்கு மேலும் வளரும். ஒன்றரை பஸ் நீளம்! கைகோராவுக்கு வருபவை எல்லாமே பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்களும் குட்டிகளும் வெப்பமான கடலிலேயே தங்கிவிடுகின்றன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வெளிநாடு போகும் ஆண்பிள்ளைகளைப் போல, ஆண் திமிங்கிலங்கள் மட்டும் இரை தேடித் தெற்கே வருகின்றன.

வால் தெரிந்தால் கைதட்டல்

திமிங்கிலம் பார்க்கப் போவது எப்படி?

படகு கரையை விட்டுப் போனதும் மாலுமி எஞ்சினை நிறுத்துகிறார். நீருக்குள் ஒரு ஒலிவாங்கியை இறக்குகிறார். ஆழத்தில் இருக்கும் திமிங்கிலம் "டக், டக்" என்று ஓசை எழுப்பிக்கொண்டே இருக்கும். இருட்டில் இரை எங்கே இருக்கிறது என்று அறிய அது செய்யும் தந்திரம் அது. ஓசை எந்தத் திசையில் இருந்து வருகிறதோ அந்தப் பக்கம் படகு போகும். ஓசை நின்றால், திமிங்கிலம் மேலே வரப்போகிறது என்று அர்த்தம்.

ஒரு முறை மூழ்கினால் 40 நிமிஷத்துக்கு மேல் ஆகும். சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். மேலே வந்தால் சுமார் 10 நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு மிதக்கும். அப்போது பார்த்தால்தான் உண்டு. பிறகு முதுகை வளைத்து, வாலை ஆகாயத்தில் தூக்கி, நேராக உள்ளே போய்விடும். அந்த வாலைப் பார்த்ததும் படகில் இருப்பவர்கள் குழந்தைகளைப் போலக் கைதட்டுகிறார்கள்.

ஒவ்வொரு திமிங்கிலத்தின் வாலும் ஒவ்வொரு விதம். ஓரத்தில் உள்ள கிழிசலையும் தழும்பையும் வைத்து, "இது இன்ன திமிங்கிலம்" என்று படகுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். பல திமிங்கிலங்களுக்குப் பெயர் உண்டு.

திமிங்கிலம் கண்ணில் படாவிட்டால்? கட்டணத்தில் 80 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அலையில் படகு ஆடி வாந்தி வந்தால் மட்டும், அதற்கு யாரும் பணம் திருப்பித் தருவதில்லை!

இதற்குச் சட்டமும் இருக்கிறது. திமிங்கிலத்துக்கு 50 மீட்டருக்குள் படகு போகக்கூடாது. 300 மீட்டருக்குள் மூன்று வாகனங்களுக்கு மேல் நிற்கக்கூடாது. திமிங்கிலத்தோடு நீந்தவும் கூடாது.

எலும்பின் மேல் ஒரு வீடு

கைகோராவுக்குப் போகிறவர்கள் ஃபைஃப் இல்லத்தைப் பார்க்காமல் வருவதில்லை. கடல் ஓரத்தில் நிற்கும் பழைய மர வீடு அது. ஊரிலேயே மிகப் பழைய கட்டிடம் அதுதான். வீடு எதன் மேல் நிற்கிறது என்று குனிந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். திமிங்கிலத்தின் முதுகெலும்புத் துண்டுகளைத்தான் அடியில் தாங்கலாக வைத்திருக்கிறார்கள்!

ராபர்ட் ஃபைஃப் என்பவர் 1842-ல் இங்கே திமிங்கில வேட்டை நிலையம் தொடங்கினார். கரையில் இருந்தபடியே கடலைப் பார்ப்பார்கள். திமிங்கிலம் தெரிந்ததும் துடுப்புப் படகில் துரத்திப் போய், ஈட்டி எறிந்து கொல்வார்கள். கரைக்கு இழுத்து வந்து, கொழுப்பைப் பெரிய கொப்பரைகளில் காய்ச்சுவார்கள். அந்த எண்ணெயில்தான் அக்காலத்தில் வெளிநாட்டுப் பட்டணங்களில் விளக்கு எரிந்தது.

சில வருஷங்களில் கரையோரத் திமிங்கிலங்கள் அருகிவிட்டன. எலும்பு இருந்தது, எண்ணெய் இல்லை. ஊர் மக்கள் ஆடு வளர்க்கவும் மீன் பிடிக்கவும் போனார்கள். நியூசிலாந்தில் திமிங்கில வேட்டை அடியோடு நின்றது 1964-ல். அவற்றைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது 1978-ல்.

நாலு வீடு அடமானம்

பிறகு ஊருக்குச் சோறு போட்டவற்றில் ஒன்று ரெயில்வே. 1980-களில் சர்க்கார் செலவைக் குறைக்கத் தொடங்கியது. ரெயில்வேயில் ஆட்குறைப்பு நடந்தது. அந்நாட்டின் பழங்குடி மக்களான மாவோரிகள்தான் அதிகம் அடிபட்டார்கள். வேலை போனது. இளைஞர்கள் ஊரை விட்டுப் போகத் தொடங்கினார்கள்.

அப்போது பில் சாலமன் முதலான மாவோரிப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "நம் வாசலில் திமிங்கிலம் இருக்கிறது. அதை ஜனங்களுக்குக் காட்டினால் என்ன?" என்பது அவர்கள் யோசனை.

யோசனை இருந்தது, பணம் இல்லை. நாலு குடும்பத்தார் தங்கள் வீடுகளை அடமானம் வைத்தார்கள். 1987-ல் தொழில் தொடங்கியது. முதலில் இருந்தது காற்றடைத்த ஒரு சிறு படகுதான். திமிங்கிலம் காட்டும் தொழில் படுத்திருந்தால், நாலு குடும்பமும் தெருவில் நின்றிருக்கும்.

படுக்கவில்லை. பெரிய படகுகள் வந்தன. ஓட்டல்கள் வந்தன. வேலை இல்லாத ஊரில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அந்தக் கம்பெனி மாவோரிகள் கையில்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ரெயில்வேயில் வேலை போனதால் பிறந்த அந்தத் தொழிலுக்கு அலுவலகமாக இருப்பது அந்த ஊரின் ரெயில் நிலையம்தான்!

திமிங்கிலத்தின் முதுகில் ஏறிக் கடல் கடந்து வந்த பைகேயா என்ற முன்னோரின் கதை மாவோரிகளிடம் உண்டு. கம்பெனியின் சின்னத்தில் இருப்பதும் அவர்தான்.

நள்ளிரவில் எழுந்த கடலடி

2016 நவம்பர் 14. நள்ளிரவு 12 மணி தாண்டி இரண்டு நிமிஷம். பூமி குலுங்கியது. 7.8 அளவுள்ள பயங்கரப் பூகம்பம். இரண்டு பேர் மாண்டார்கள்.

மலைகள் சரிந்து சாலையில் விழுந்தன. ரெயில் பாதை பெயர்ந்து தொங்கியது. வடக்கேயும் போக முடியாது. தெற்கேயும் போக முடியாது. நூற்றுக்கணக்கான உல்லாசப் பிரயாணிகள் ஊருக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரும் கப்பற்படைக் கப்பலும் வந்துதான் அவர்களைக் காப்பாற்றின.

அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் யார்? மாவோரிகள்தான். தங்கள் பொது மண்டபத்தைத் திறந்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டார்கள். விலை உயர்ந்த சிங்கி இறாலையும் அள்ளி அள்ளிப் பரிமாறினார்கள். ஊரின் பெயருக்குப் பொருளே "சிங்கி இறால் தின்பது" என்பதுதான்.

ஆனால் பெரிய அடி கடலில் விழுந்திருந்தது. ஊரை ஒட்டிய கடலடி சுமார் ஒரு மீட்டர் மேலே எழும்பிவிட்டது. கடல் உள்வாங்கியது போல, பாறைகள் வெளியே தெரிந்தன. படகுத் துறையில் தண்ணீர் போதவில்லை. நீர் ஏற்றம் வரும் நேரத்தில்தான் படகு எடுக்க முடிந்தது. துறையைத் தோண்டி ஆழப்படுத்தி முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. வடக்குச் சாலை திறந்தது 2017 டிசம்பரில். பிரயாணிகள் ரெயில் மறுபடி ஓடியது 2018 டிசம்பரில்.

மூச்சு விடுவதற்குள் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நியூசிலாந்து தன் எல்லையை மூடிற்று. வெளிநாட்டுப் பிரயாணிகள் எல்லாருக்கும் அது முழுதாகத் திறந்தது 2022-ல்தான்.

ஒரே தொழிலை நம்பிய ஊரின் கஷ்டம் இதில்தான் தெரிகிறது. திமிங்கிலம் கடலில் இருந்தது. படகு கரையில் இருந்தது. பார்க்க ஆள் இல்லை.

திமிங்கிலம் குறைகிறதா?

சாலையைப் போட்டுவிடலாம். துறையைத் தோண்டிவிடலாம். திமிங்கிலமே வராவிட்டால்?

பூகம்பத்தின்போது கடலடிப் பள்ளத்தாக்கிலும் மண் சரிந்தது. அடியில் இருந்த உயிர்களை அது வாரிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு ஒரு வருஷம், திமிங்கிலங்கள் இரண்டு முழுக்குகளுக்கு இடையே சுமார் 25 சதவீதம் அதிக நேரம் மேலே மிதந்தன என்று ஒட்டாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். இரை தேட அவை அதிகம் பாடுபட வேண்டியிருந்தது என்பது அவர்கள் கருத்து. பிறகு நிலைமை சீரானது.

கவலை தருவது வேறொன்று. 1990 முதல் எடுத்து வந்த கணக்கைப் பார்த்தால், கோடைக் காலத்தில் கைகோராவுக்கு வரும் எண்ணெய்த் திமிங்கிலங்கள் குறைந்து வந்திருக்கின்றன. குளிர் காலத்தில் அவ்வளவு குறைவு இல்லை. கடல் சூடேறினால் திமிங்கிலங்கள் இன்னும் தெற்கே நகரலாம் என்றும் விஞ்ஞானிகள் கணக்குப் போடுகிறார்கள்.

2014-ல் சர்க்கார் தனிச் சட்டம் போட்டு, இந்தக் கடலில் திமிங்கிலச் சரணாலயம் அமைத்தது. கடலுக்கு அடியில் எண்ணெய் தேடப் பெரும் ஓசை எழுப்புவதற்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் கடல் நீரின் சூட்டைக் குறைக்க இரண்டாயிரம் பேர் உள்ள ஊரால் என்ன செய்ய முடியும்?

மலையில் கூடு கட்டும் கடற்பறவை

நல்லவேளையாக, பார்க்க வேறு காட்சிகளும் இருக்கின்றன. ஊரின் முனையில் உள்ள பாறைகளில் கடல் நாய்கள் படுத்து வெயில் காய்கின்றன. பக்கத்தில் போனால் உறுமும். குன்றின் மேல் நடைபாதை உண்டு; ஒரு காசு செலவில்லாமல் கடலையும் மலையையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம். கூட்டம் கூட்டமாகத் துள்ளும் டால்பின்கள் உண்டு. சிறகு விரித்தால் மூன்று மீட்டர் அகலமுள்ள ஆல்பட்ராஸ் பறவை படகுக்குப் பக்கத்தில் வந்து இறங்கும்.

இன்னொரு பறவையின் பெயர் ஹட்டன் கடற்பறவை. கடலில் மேய்ந்தாலும், கூடு கட்டுவது மலை உச்சியில். அதுவும் கைகோரா மலைகளில்தான். உலகில் வேறு எங்கும் அது தானாகக் கூடு கட்டுவதில்லை. 2016 பூகம்பத்தில் மலை சரிந்தபோது அந்தக் கூடுகளும் நாசமாயின.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் குஞ்சுகள் முதல் முறையாக மலையில் இருந்து கடலை நோக்கிப் பறக்கின்றன. இரவில் புறப்படும் குஞ்சுகளில் சில, தெரு விளக்கைக் கண்டு மயங்கி ரோட்டில் விழுந்துவிடும். விழுந்தால் சமதரையில் இருந்து மறுபடி எழும்பத் தெரியாது. காரில் அடிபடும், நாய், பூனை கவ்வும்.

அந்த நாட்களில் ஊர் மக்கள், சிறுவர்கள் உள்பட, ராத்திரி நேரத்தில் தெருத் தெருவாகத் தேடுகிறார்கள். விழுந்து கிடக்கும் குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்து, பராமரிப்பவர்களிடம் கொடுக்கிறார்கள். திடமாக இருக்கும் குஞ்சுகளைப் பிறகு கடலில் கொண்டுபோய் விடுகிறார்கள். அவை தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு, சிறகடித்து ஆஸ்திரேலியாப் பக்கம் போகின்றன.