புத்தகம் இலவசம்; புகழ்ச்சிக்கு விலை என்ன?

கத்தரிக்காய் வாங்குகிறவர்கள் சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார்கள். தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்க்கிறார்கள். புடவை எடுக்கிறவர்கள் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார்கள்.

புத்தகத்தை எப்படித் தட்டிப் பார்ப்பது?

அட்டை அழகாக இருக்கலாம். உள்ளே சரக்கு உண்டா என்பது படித்து முடித்த பிறகுதான் தெரியும். அதற்குள் பணம் போய்விடும். பிள்ளைக்காக வாங்கிய புத்தகமாக இருந்தால், அதோடு படிக்கும் ஆசையும் போய்விடும்.

அதனால்தான், முன்னால் படித்தவர் சொல்லும் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பு. அந்த வார்த்தைக்குப் பெயரே மதிப்புரை!

முன்பெல்லாம் மதிப்புரை எழுதியவர்கள் பெரும்பாலும் புலவர்கள், பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள். "மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்" என்று தமிழ்ப் பத்திரிகைகள் அறிவிப்பது வழக்கம். வந்த புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் இடம் இராது. இடம் கிடைக்காதவை "வரப்பெற்றோம்" என்ற தலைப்பின் கீழ் வெறும் பெயரோடு நின்றுவிடும்.

இன்று காலம் மாறிவிட்டது. பள்ளிக்கூட ஆசிரியை, வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று யார் வேண்டுமானாலும் தாம் படித்த புத்தகத்தைப் பற்றி இணையத்தில் எழுதலாம். இவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. வீட்டு வேலையை முடித்துவிட்டு, கண் விழித்துப் படித்து எழுதுகிறார்கள். புத்தகத்தின் மேல் உள்ள ஆசை ஒன்றுதான் காரணம்.

இது நல்ல மாறுதல். ஆனால், இவர்கள் சொல்லை நம்பி ஊரார் புத்தகம் வாங்கத் தொடங்கியதும், பதிப்பாளர்கள் இவர்களைத் தேடி வரத் தொடங்கினார்கள். கையில் ஒரு பொட்டலம். பொட்டலத்தில் ஒரு புதுப் புத்தகம். விலை? இலவசம்!

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. இலவசமாகப் புத்தகம் பெற்றவர், உள்ளதை உள்ளபடி எழுதுவாரா?

உப்பிட்டவரை...

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது பழமொழி. சாப்பாட்டுக்கு அது சரி. மதிப்புரைக்குச் சரியா?

சரி அல்ல. புத்தகம் கொடுத்தவர் பதிப்பாளர். ஆனால் மதிப்புரையைப் படிக்கப் போகிறவர் வேறு ஆள். அவர் பணம் கொடுத்துப் புத்தகம் வாங்கப் போகிறவர். மதிப்புரை எழுதுகிறவர் நன்றிக் கடனைப் பதிப்பாளருக்குச் செலுத்தினால், அந்தக் கடனை அடைப்பது யார்? முன்பின் தெரியாத அந்த வாசகர்தான்!

ஆகவே மதிப்புரையாளரின் கடமை, புத்தகம் கொடுத்தவருக்கு அல்ல. காசு கொடுத்து வாங்கப் போகிறவருக்கு.

பதிப்பாளரின் கஷ்டம்

அப்படியானால் இலவசப் புத்தகமே கூடாதா? அப்படிச் சொல்வதும் நியாயம் ஆகாது.

சிறிய பதிப்பாளர் கடன் வாங்கிப் புத்தகம் அச்சடிக்கிறார். பெரிய விளம்பரம் செய்ய அவரிடம் பணம் இல்லை. புதிய எழுத்தாளரின் பெயரோ யாருக்கும் தெரியாது. நாலு பேர் படித்து நாலு வார்த்தை சொன்னால்தான் புத்தகம் கடையை விட்டு நகரும். எழுதுகிற வாசகரும் பணக்காரர் அல்ல. வருகிற எல்லாப் புத்தகங்களையும் விலை கொடுத்து வாங்க அவரால் முடியாது.

இலவசப் பிரதி ஒரு மாதிரிச் சரக்கு. வெல்ல மண்டியில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுப்பது போல. அதில் தவறு இல்லை. வெல்லத்தைக் கொடுத்துவிட்டு, "இனிக்கிறது என்று சொல்லு" என்று வாயைப் பிடிப்பதுதான் தவறு.

தன்னைத் தானே புகழ்ந்தவர்கள்

எழுத்தாளருக்குத் தம் புத்தகம் உயர்வாகத்தான் தோன்றும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

தமிழ் இலக்கணம் இதை நன்றாக உணர்ந்திருந்தது. பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், எவ்வளவு கற்றவரானாலும் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்கிறது. சில நெருக்கடியான சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே விலக்கு. நூலைப் பற்றிச் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவர்கள், நூலாசிரியரின் குரு, கூடப் படித்தவர், மாணவர், உரை எழுதியவர் ஆகிய நால்வர். நால்வரும் வேண்டியவர்களே! ஆனால் இன்னார்தான் புகழலாம் என்று முன்பே வகுத்துவிட்டதால், உறவு ஒளிந்து இருக்கவில்லை.

மேல்நாட்டில் பெரிய எழுத்தாளர்களே ஒளிந்து நின்று புகழ்ந்துகொண்டது உண்டு.

சர் வால்டர் ஸ்காட் ஸ்காட்லாந்தின் புகழ் பெற்ற நாவலாசிரியர். 1816-ம் ஆண்டின் இறுதியில் தம் பெயர் போடாமல் ஒரு கதைத் தொகுதியை வெளியிட்டார். வெளியிட்டவர்களில் ஒருவர் லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரே. எழுதியவர் ஸ்காட்தான் என்று மர்ரே ஊகித்துவிட்டார். ஸ்காட் இல்லவே இல்லை என்று மறுத்தார். "வேண்டுமானால் அந்தப் புத்தகத்துக்கு நானே மதிப்புரை எழுதுகிறேன்" என்ற கருத்தில் கடிதமும் எழுதினார். சொன்னபடி, ஒரு நண்பரின் உதவியோடு எழுதியும் கொடுத்தார். 1817-ம் ஆண்டு "குவார்ட்டர்லி ரெவ்யூ" இதழில் அது வெளிவந்தது. குறைகளும் சொல்லியிருந்தார், பாராட்டும் இருந்தது.

அந்த இதழை வெளியிட்டவர் யார் தெரியுமா? அதே ஜான் மர்ரே! எழுதியவரே மதிப்புரையாளர், பதிப்பாளரே பத்திரிகைக்காரர். பணம் கொடுத்த வாசகர் மட்டும்தான் வெளி ஆள்.

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-ம் ஆண்டில் "லீவ்ஸ் ஆஃப் கிராஸ்" என்ற கவிதைப் புத்தகத்தை வெளியிட்டார். அதைப் புகழ்ந்து, பெயர் போடாமல் அவரே மதிப்புரைகள் எழுதினார். புத்தகம் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. ஆனால் நல்ல புத்தகம் என்பதற்காகக் கள்ள மதிப்புரை நல்ல மதிப்புரை ஆகிவிடாது.

ஒரு பெண் கண்ட வழி

இலவசப் பிரதி வாங்கியும் நேர்மையாக இருக்க முடியும் என்று வழி காட்டியவர் ஒரு பெண். அவர் பெயர் வர்ஜீனியா கிர்க்கஸ்.

நியூயார்க்கில் ஒரு பதிப்பகத்தின் குழந்தைப் புத்தகப் பிரிவுக்கு அவர் தலைவராக இருந்தார். அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்தப் பிரிவு மூடப்பட்டது. வேலை போயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. 1933-ம் ஆண்டில் சொந்தமாக ஒரு சேவையைத் தொடங்கினார்.

பதிப்பாளர்களிடமிருந்து, வெளிவரப் போகும் புத்தகங்களின் அச்சுப் படிகளை முன்கூட்டியே வாங்கிப் படித்தார். எது நல்லது, எது விற்கும், எது தேறாது என்று எழுதினார். அந்தக் குறிப்புகளைச் சந்தா கட்டிய புத்தகக் கடைகளுக்கு அனுப்பினார்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். அச்சுப் படி கொடுத்தவர் பதிப்பாளர். ஆனால் பணம் கொடுத்தவர் கடைக்காரர். தவறாகப் புகழ்ந்தால் புத்தகம் கடையிலேயே தூங்கும். அடுத்த ஆண்டு சந்தா வராது. ஆகவே நேர்மையே அவருக்கு லாபம் ஆயிற்று!

பிற்காலத்தில் அந்த நிறுவனத்திலும் ஒரு புதிய பிரிவு ஏற்பட்டது. சொந்தமாகப் புத்தகம் வெளியிடும் எழுத்தாளர்கள் கட்டணம் கட்டி மதிப்புரை பெறலாம். பணம் கட்டியதால் புகழ்வோம் என்ற உறுதி கிடையாது. ஆனால் மதிப்புரை பிடிக்காவிட்டால், எழுத்தாளர் அதை வெளியிடாமலே இருந்துவிடலாம்.

இதன் விளைவு என்ன? திட்டு அலமாரிக்குள் போகும். பாராட்டு மட்டும் வெளியே வரும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வாசகருக்கு முழு உண்மை கிடைக்காது.

மதிப்புரை விற்ற கடை

முழுப் பொய்யும் விலைக்கு வந்தது.

2010-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒருவர் இணையத்தில் ஒரு கடை திறந்தார். சரக்கு என்ன? புகழ்ச்சி! ஒரு மதிப்புரைக்கு 99 டாலர். 20 மதிப்புரைக்கு 499 டாலர். 50 வேண்டுமானால் 999 டாலர். மொத்தமாக வாங்கினால் மலிவு!

எழுத்தாளர்கள் வரிசையில் நின்றார்கள். எழுதிக் கொடுக்கக் கூலிக்கு ஆள் வைக்கப்பட்டது. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை விவரமாக எழுதியது. அதற்கு முன்பே கடை மூடப்பட்டுவிட்டது.

இதில் ஏமாந்தவர் வாசகர் மட்டும் அல்ல. காசு கொடுக்காமல், தன் எழுத்தை மட்டும் நம்பிக் காத்திருந்த எழுத்தாளரும் ஏமாந்தார். அவர் புத்தகத்துக்கு வந்த உண்மையான மூன்று மதிப்புரைகள், விலைக்கு வந்த ஐம்பதுக்கு அடியில் புதைந்துபோயின.

வாசல் வரை போனவர்!

மறு பக்கமும் உண்டு. பாராட்டை எதிர்பார்த்த எழுத்தாளருக்குத் திட்டு கிடைத்தால் என்ன ஆகும்?

2014-ம் ஆண்டில் ஓர் அமெரிக்க எழுத்தாளர், தம் புத்தகத்தைக் குறை சொன்ன பெண் யார் என்று தேடிக் கண்டுபிடித்தார். அந்தப் பெண்ணின் வீட்டு வாசல் வரை போனார்! தாம் செய்ததை அவரே "கார்டியன்" பத்திரிகையில் எழுதினார். படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு, வீட்டைத் தேடி வந்தால் இனி யார் உண்மையை எழுதுவார்?

2023-ம் ஆண்டு டிசம்பரில் இன்னொரு செய்தி. முதல் நாவல் இன்னும் வெளிவராத ஓர் எழுத்தாளர், பல பொய்ப் பெயர்களில் புகுந்து, தம்மைப் போன்ற புதிய எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு மட்டமான மதிப்பெண் போட்டார். தம் புத்தகத்தைத் தாமே புகழ்ந்தார். குட்டு வெளிப்பட்டது. பதிப்பகம் அவருடைய நாவலையே கைவிட்டது.

வாசகர்கள் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் எலிசபெத் கில்பர்ட் என்ற எழுத்தாளர், தாம் எழுதிய நாவல் வரப் போகிறது என்று அறிவித்தார். கதை நடக்கும் இடம் ரஷ்யா. உக்ரைனில் போர் நடக்கும் நேரத்தில் இது தகுமா என்று எதிர்ப்பு எழுந்தது. ஒரு வரி கூடப் படிக்காமல், நூற்றுக்கணக்கானவர்கள் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அவர் நாவலை நிறுத்தி வைத்தார். போர் பற்றிய கோபம் நியாயமாக இருக்கலாம். படிக்காத புத்தகத்துக்கு மதிப்பெண் போடுவது நியாயமா?

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2009-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி முதல் ஒரு நெறிமுறையைக் கொண்டுவந்தது. பொருளை இலவசமாகப் பெற்று இணையத்தில் பாராட்டுகிறவர், அந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அதைவிடக் கடுமையான விதி அமுலுக்கு வந்தது. பொய் மதிப்புரையை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஒவ்வொரு மீறலுக்கும் 50 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம் விதிக்க இடம் உண்டு.

இந்தியாவிலும் 2023-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. பணமோ இலவசப் பொருளோ பெற்று ஒன்றைப் பாராட்டுகிறவர்கள், அதை மக்களுக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது.

சொல்லிவிட்டால் போதுமா?

"இது இலவசப் பிரதி" என்று ஒரு வரி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அது கதவைத் திறந்து வைப்பது போல. உள்ளே வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா?

பதிப்பாளர் புத்தகத்தை அனுப்பட்டும். அனுப்பியதோடு நிற்கட்டும். திட்டி எழுதியவருக்கு அடுத்த புத்தகத்தை நிறுத்துவது, சொல்லாமல் சொல்லும் மிரட்டல். ஒரு புத்தகத்தைக் குறை சொன்னவர் அடுத்ததைப் பாராட்டும்போதுதான், அந்தப் பாராட்டை ஊர் நம்பும். அது பதிப்பாளருக்கே லாபம்.

எழுத்தாளர் பொறுமையாக இருக்கட்டும். மதிப்புரை அவருக்கு எழுதிய கடிதம் அல்ல. வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. தகவல் பிழை இருந்தால் திருத்தலாம். ரசனையைத் திருத்தப் போகக்கூடாது.

மதிப்புரை எழுதுகிறவர் ஒரே ஒரு கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: "இந்தப் புத்தகத்தை என் கைக்காசு போட்டு வாங்கியிருந்தால், இதையேதான் எழுதுவேனா?"

வாசகருக்கும் வேலை உண்டு. வெறும் புகழ்ச்சியைக் கண்டால் சற்று நிதானிக்க வேண்டும். புத்தகத்தில் என்ன இருக்கிறது, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, யாருக்கு அது உதவும் என்று சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். நட்சத்திரத்தை எண்ண வேண்டாம். காரணத்தை எண்ணிப் பார்த்தால் போதும்.

ஒரு பொய் மதிப்புரையை நம்பி ஏமாந்தவர், அடுத்த முறை உண்மையான மதிப்புரையையும் நம்ப மாட்டார். அப்போது நல்ல புத்தகமும் விற்காது. பதிப்பாளர், எழுத்தாளர், மதிப்புரையாளர், வாசகர் என்ற நால்வரும் பிழைப்பது ஒரே ஒரு முதலை வைத்துத்தான். அந்த முதல், நம்பிக்கை. புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம். நம்பிக்கையை யாரும் இலவசமாகப் பெற முடியாது.