ஆடிட் ஆகாத புஜம்

கீரனூரில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஜிம் பக்கம் வந்து பாருங்கள். திருச்சி பஸ்ஸிலும் புதுக்கோட்டை பஸ்ஸிலும் ஆபீஸ் முடிந்து வந்து இறங்கிய வாலிபர்கள், சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு இரும்போடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பார்கள். யாரையாவது நிறுத்தி, "பெஞ்ச்சில் எவ்வளவு?" என்று கேளுங்கள். "நூறு" என்பார். நூறுக்குக் கீழே சொன்னவரை நான் பார்த்ததில்லை.

நானும் நூறுதான். போன வருஷம் வரைக்கும்.

நூறு கிலோ தூக்குவது எப்படி என்று சொல்கிறேன். கம்பியை மார்பு வரை இறக்கவேண்டும். தலைமாட்டில் நிற்கும் நண்பர் இரண்டே இரண்டு விரலைக் கம்பியில் வைத்துக்கொண்டு, "எல்லாம் நீதான் மாப்ளே, நீயேதான்!" என்று கத்தவேண்டும். அந்த இரண்டு விரல் தூக்கிய கிலோ எந்தக் கணக்கிலும் வராது.

நான் பி.காம். கணக்கு எழுதினவனே தணிக்கையும் செய்தால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவன். ஆனால் என் புஜக் கணக்குக்கு மட்டும் பத்து வருஷமாக நானே கேஷியர், நானே ஆடிட்டர்!

ஒருநாள் ஜிம் மாஸ்டர், "பக்கத்து மாவட்டத்துல பவர்லிஃப்டிங் போட்டி சார், பேர் குடுத்துரவா?" என்றார். முப்பத்தாறு வயசில், தொப்பையோடு, உடம்பில் ஒட்டுகிற அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுவதா? தயங்கினேன். "வாயால தூக்கினது போதும் சார்" என்றார். ரோஷம் வந்துவிட்டது.

தலைக்கு மேலே தூக்குவார்களே, 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, அது வெயிட்லிஃப்டிங். இது வேறு. நீங்கள் ஜிம்மில் வழக்கமாகச் செய்கிற ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் உங்கள் சிறந்ததைக் கூட்டினால் மொத்தம். நடுவர் மூன்று பேரில் இரண்டு பேராவது வெள்ளை விளக்குப் போட்டால்தான் செல்லும்.

முதல் ஸ்குவாட் 110 கிலோ. பாதாளம் வரை போய்வந்த திருப்தியோடு நிமிர்ந்தேன். மூன்றும் சிவப்பு! இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பாகத்துக்குக் கீழே இறங்கவேண்டுமாம். பத்து வருஷமாக நான் உட்கார்ந்தது, மழைநாளில் பஸ்ஸில் ஈர சீட்டில் உட்காருவது போலத்தான் இருந்திருக்கிறது.

சட்டப்படி எடையைக் குறைத்துக் கேட்க முடியாது. மூன்று வாய்ப்பும் போனால் மொத்தமே கிடையாது. கை நடுங்கியது. ஓரமாக நின்ற பள்ளிக்கூடப் பையன் ஒருவன், "அண்ணே, இன்னும் நாலு விரக்கடை இறங்குங்க, போதும்" என்றான். இறங்கினேன். இரண்டு வெள்ளை! அந்தத் தெம்பில் அடுத்து 120 கேட்டுக் குந்தியவனை, பக்கத்தில் காவலுக்கு நின்றவர்கள்தான் எழுப்பிவிட்டார்கள்.

பெஞ்ச்சில், கம்பி மார்பில் அசையாமல் நிற்கவேண்டும். நடுவர் 'பிரஸ்' என்ற பிறகுதான் தள்ளலாம். நண்பரின் இரண்டு விரல் கீரனூரிலேயே தங்கிவிட்டதால் 85 போயிற்று. 90 மார்பிலேயே குடித்தனம் பண்ணிவிட்டது. கடைசி டெட்லிஃப்ட் 150. கம்பி முழங்காலில் வந்து மக்கர் பண்ணியது. அப்போது பேர்கூடத் தெரியாத அத்தனை பேரும், என்னோடு போட்டியிட்டவர்கள் உள்பட, "விடாத, விடாத!" என்று கத்தினார்கள். எப்படி நிமிர்ந்தேன் என்று தெரியாது. மூன்றும் வெள்ளை.

மொத்தம் 345. ஜிம்மில் சொல்லிக்கொண்டிருந்தது 370. மிச்சம் 25 கிலோவை வாராக்கடனில் எழுதிவிட்டேன். எங்கள் 83 கிலோ பிரிவில் இருந்தது நாலு பேர். எனக்கு நாலாவது இடம்.

அப்புறம் எதற்குப் போகவேண்டும் என்கிறீர்களா? இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். நெல்லைச் சீமை வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் தூக்குகிறார்கள். 'வீட்டுக் கொல்லையில் தூக்கிப் பார்த்தேன் மாமா' என்றால் யார் பெண் கொடுப்பார்கள்? ஊர் பார்க்கத் தூக்கினால்தான் கணக்கு.

போகிறவர்களுக்கு மூன்று விஷயம். ஜிம்மில் அலட்டாமல் மூன்று தடவை தூக்குகிற எடையையே முதல் வாய்ப்புக்குக் கேளுங்கள். முதல் போட்டிக்காகப் பட்டினி கிடந்து எடையைக் குறைக்காதீர்கள். நடுவர் போல ஒருவரைக் கத்தச் சொல்லிப் பழகுங்கள். வயசாயிற்று என்ற சாக்கும் செல்லாது. நாற்பது தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ் என்று தனிப்பிரிவே இருக்கிறது.

ரைஸ் மில்லில் மூட்டை தூக்கி என்னைப் படிக்கவைத்தவர் அப்பா. வீட்டுக்கு வந்து, "மொத்தம் 345 கிலோப்பா" என்றேன்.

"எவ்வளவு குடுத்தாங்க?"

"நான்தாம்ப்பா பீஸ் கட்டினேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "யாரும் கை குடுக்காமயா தூக்கின?"

"ஆமாப்பா."

"அப்ப சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பி.காம். பாஸானபோதுகூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது யாராவது கேட்டால் 'எண்பத்தஞ்சு' என்கிறேன். போன வாரம் ஒரு நூறு கிலோக்காரர் சிரித்தார். மாஸ்டரிடம் சொல்லி அவர் பேரையும் கொடுத்துவிட்டேன்.